சேவலும் நேர்த்திக்கடனும்

கண்டி கதிர்காம தேவாலயத்தில் இருப்பவர் சிங்களவருக்குக் கதிர்காமத் தெய்யோ, தமிழருக்கு முருகன். எசல பெரஹராவில் தலதா மாளிகை ஊர்வலத்தின் பின் செல்லும் நான்கு தேவாலய ஊர்வலங்களில் ஒன்று அவருடையது. அவர் கொடியில் நிற்பது சேவல். கந்தபுராணத்தின்படி, முருகனின் வேலால் பிளவுண்ட அசுரன் சூரபன்மனின் ஒரு கூறு மயிலாகவும் மறுகூறு சேவலாகவும் ஆயின. பகைவனைக்கூட அழிக்காமல் கொடியில் ஏற்றிக்கொண்ட தெய்வம் அது.

கண்டியை அடுத்த தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அதே சேவல் பலிப்பொருள். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துசாமிக்கும், தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கும், முனியாண்டிக்கும் சேவல் அறுப்பது தோட்டமக்களின் பழைய வழக்கம். கிடாய்க்கு வசதியில்லாத குடும்பம் நேர்ந்துகொள்வது ஒரு கோழியைத்தான்.

இப்படி நேர்வது தமிழருக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 399இல் நஞ்சருந்திய சோக்கிரதீசு, மருத்துவத் தெய்வமான அசுக்கிளேப்பியசுக்கு ஒரு சேவல் கடன்பட்டிருப்பதாகவும் அதை மறவாமல் செலுத்தும்படியும் நண்பர் கிரீட்டோவிடம் கேட்டதாகப் பிளேட்டோ எழுதினார். கோழி நேர்ந்துகொள்ளும் தோட்டத்துத் தாய்க்கு இந்த வேண்டுகோளை விளக்கவே தேவையில்லை.

தெய்வத்துக்குரிய கடன் நேர்ந்த சொல்லா, பறவையின் உயிரா? வேள்வியினும் கொல்லாமையே பெரிது என்பது குறளின் நிலை. பௌத்தமும் கொலையை விலக்குகிறது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பலியை வன்மையாகக் கண்டித்தார். ஆனால் திருமுருகாற்றுப்படையிலேயே சேவற்கொடி நாட்டிய களத்தில் ஆட்டுக்குட்டி அறுக்கப்படுகிறது. ஆகவே பலியைப் பிற்காலத்தில் நுழைந்த இழுக்கு என ஒதுக்குவது வரலாற்றுக்கு ஒவ்வாது. இறைச்சிக்கடைக் கொலையைப் பொறுத்துக்கொண்டு, ஏழையின் ஒற்றைக் கோழியை மட்டும் பாவமென்பதும் நேர்மையன்று.

எனினும் பசிக்குக் கொல்வதும், தெய்வம் கேட்டதாகச் சொல்லிக் கொல்வதும் ஒன்றல்ல. பின்னது கொலையின் பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் ஏற்றுகிறது. கொடுப்பவர் இழப்பதே காணிக்கை என்றால், சேவலை உயிரோடு கோயிலில் விட்டாலும் அவர் அதை இழக்கிறார். அப்படி நேர்ந்துவிடும் வழக்கமும் தமிழரிடம் உண்டு; சிங்களவரின் தொவில் சடங்கிலும் சேவலைக் கொல்லாமல் காணிக்கையாக்குவது உண்டு. இந்து ஆலயங்களில் பலியைத் தடைசெய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை 2018இல் இணங்கியது. சட்டத்துக்கு அஞ்சிப் பலியை நிறுத்துவதைவிட, நேர்ந்துவிட்டாலே கடன் தீர்ந்துவிடும் என்று தோட்டத்துப் பூசாரி தம் மக்களுக்குச் சொல்வதே மேல்.