தேய்ந்த முழங்கை

(ஆடிக் கார்த்திகை, மூர்த்தி நாயனார் குருபூசை அன்று அரியாலையில் ஆற்றிய உரை)

மதுரையில் வணிகர் குலத்தில் வந்த மூர்த்தி நாயனாருக்குத் தொண்டு என்றால் ஒன்றுதான்: சொக்கநாதருக்கு நாள்தோறும் சந்தனக்காப்பு அரைத்துக் கொடுப்பது. அது கைவேலைதான். கல்லில் எவ்வளவு நீர் தெளிப்பது, கட்டையை எப்படிச் சாய்ப்பது என்பதெல்லாம் கை பழகிப் பழகி அறிவது. வடுகக் கருநாடர் மன்னன் மதுரையைப் பிடித்தான். சந்தனக்கட்டை கிடைக்காமல் செய்தான். நாயனார் தம் முழங்கையையே கல்லில் வைத்துத் தேய்த்தார். தோல் போயிற்று, நரம்பு போயிற்று, எலும்பும் தேய்ந்து மச்சை வெளிப்பட்டது.

இந்த இடத்தில் நாம் உருகிப்போகிறோம். ஆனால் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் அங்கே நிற்கவில்லை. இறைவன் திருவாக்கு எழுகிறது. இன்னும் தேய் என்று அது சொல்லவில்லை. இது வேண்டாம் என்கிறது. நாட்டை ஏற்றுத் தீங்கு நீக்கிக் காத்து, அதன் பின் உன் பணியைச் செய் என்கிறது. கையும் புண் ஆறி முன்போல் ஆயிற்று. கையைத் தேய்ப்பதை நிறுத்தச் சொன்ன பெருமான் பணியை விடச் சொல்லவில்லை, பாருங்கள்!

இங்கேயும் கைவேலையாக ஓலைப் பெட்டி இழைக்கும் அம்மாமார் இருக்கிறீர்கள். விழுந்து மணிக்கட்டு முறிந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “ஐயா, பிள்ளையள் ஓலையெல்லாம் கட்டிப் பரணில வைச்சிட்டினம். எனக்குப் பொழுது போகுதில்லை.”

அம்மா, ஓலையை இறுக்கி இழுக்கிற வேலை முறிந்த கைக்கு ஆகாது. வைத்தியர் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள். ஆனால் வெயிலில் உலர்ந்த குருத்தோலையில் எது பெட்டிக்கு, எது பாய்க்கு என்று பிரிக்க ஒரு கை போதும். சாயத்தின் பதம் பார்க்கக் கண் போதும். பேத்திக்கு மூலை மடிக்கச் சொல்லிக்கொடுக்க வாய் போதும். கட்டு அவிழ்த்தபின் விரல்கள் விறைத்திருக்கும். மடக்கி நீட்டிப் பழகச் சொல்வார்கள். வைத்தியர் சம்மதித்தால் அப்போது மெல்லிய ஓலையை நனைத்து, சின்னதாய் ஒரு திருநீற்றுப் பெட்டி தொடங்குங்கள். நோவு எழுந்தால் வைத்துவிடுங்கள். அன்பு மிகுந்து ஒருவர் தம்மை வருத்தியதையே தடுத்த பெருமான், நாம் வீம்புக்கு வருத்திக்கொள்வதை ஏற்பாரா?

பிள்ளைகளே, நீங்கள் அம்மா மேலுள்ள அன்பால்தான் ஓலையை எடுத்து வைத்தீர்கள். ஆனாலும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த ஓலைக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி அவர் பக்கத்தில் வையுங்கள்.