பாம்புக்குத் தெரியுமா பொய்யும் மெய்யும்?

விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். பாடல் பெற்ற தலம் என்பர் பக்தர். நாம் பேச வந்தது பதிகம் பற்றியன்று. அங்குள்ள வட்டப்பாறை பற்றி. அப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவனை நாகம் தீண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக நிலவும் நம்பிக்கை. தம்பியை வஞ்சித்த தமையன் பாம்பு கடித்து மாண்டான் என்று கதையும் உண்டு.

பத்திரமில்லாத ஏழை, சாட்சியில்லாத எளியவன், கல்லிடம் நீதி கேட்டான். அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: பொய்யனைப் பாம்பு கடிக்கும் என்றால், பாம்பு கடித்தவரெல்லாம் பொய்யர்களா?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. யார் இவர்கள்? பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வெறுங்காலுடன் வயலில் இறங்கியவர்; இருட்டில் வரப்பில் நடந்தவர்; தரையில் பாய் விரித்துப் படுத்தவர். காலணி அணிந்தோரும் கட்டிலில் துயில்வோரும் வாய்மையின் வடிவங்களோ? பாம்பு பாவத்தைப் பார்ப்பதில்லை; மிதித்த காலைத்தான் கடிக்கிறது.

கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையவிடாது. அதை அறிய மருத்துவர் செய்வதென்ன? உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி குருதியை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது! கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பைத் தாக்கும். இமை சரியும், மூச்சுத் திணறும். பாறை சொல்லாத உண்மையைக் குழாய் சொல்கிறது, இமை சொல்கிறது.

மருந்து எப்படி வருகிறது? குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த நஞ்சைத் தருவோரில் முதன்மையானவர் யார்? ஊர் ஒதுக்கி வைத்த இருளர்! 1978இல் தோன்றிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. தீண்டத் தயங்கியோர் உடலிலும் இன்று அவர்தம் உழைப்பு ஓடுகிறது.

குப்பியிலிருக்கும் மருந்து சாதி கேட்பதில்லை; சத்தியமும் கேட்பதில்லை. பொய்யனுக்கும் அது உயிர் தருகிறது. இது முறையா என்பீர். முறையே! பொய்யனைப் பிழைக்க வைத்துப் பின்னர் வழக்குமன்றத்தில் நிறுத்துவதே நாகரிகம். நோயைத் தண்டனை எனக் கொள்ளும் சமுதாயம், நோயாளியைக் குற்றவாளியாக்கும். குற்றவாளியாக்கப்பட்டவன் வாய் திறக்க அஞ்சுவான். அஞ்சிய நேரத்தில் நஞ்சு தன் வேலையை முடித்துவிடும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் சேர்த்தது. பாவக் கணக்கை விடுத்து நோய்க் கணக்கை எழுதத் தொடங்கினோம். நல்ல தொடக்கம்!

ஆகவே, தோழர்களே! கடிபட்டவரைக் கண்டால் கயிற்றால் இறுக்காதீர், கத்தியால் கீறாதீர், மந்திரிப்பவரைத் தேடிப் பொழுதை இழக்காதீர். அசையாமல் படுக்கவைத்து மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்வீர். அவர் யார், என்ன செய்தார் என்ற கேள்வி உயிர் பிழைத்த பின்னர் எழட்டும்.