வினாத்தாளில் ஏறிய அநீதி

2021 டிசம்பர் 11 அன்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு நடந்தது. வினாத்தாளில் ஒரு வாசிப்புப் பத்தி. பெண்கள் விடுதலை பெற்றதால்தான் பிள்ளைகள் பெற்றோர் சொல்லை மதிப்பதில்லை என்றும், கணவனுக்கு அடங்கி நடந்தால்தான் மனைவியின் பேச்சுக்குப் பிள்ளைகள் கட்டுப்படுவார்கள் என்றும் அது சொன்னது. டிசம்பர் 13 அன்று மக்களவையில் சோனியா காந்தி இதைக் கண்டித்தார். வாரியம் பத்தியை நீக்கி, எல்லோருக்கும் முழு மதிப்பெண் வழங்கியது. மதிப்பெண்ணோடு இந்தக் கணக்குத் தீராது. பெண்ணைத் தாழ்த்தும் கருத்தைப் பிள்ளைகளின் தேர்வில் வைப்பது அறப்பிழை. அதற்குச் சமாதானம் கிடையாது.

அந்தப் பருவத் தேர்வு முழுவதும் கொள்குறி வினாக்கள். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தியைப் படித்த மாணவிக்கு, "இது தவறு" என்று எழுத ஒரு வரிகூட இடமில்லை. தன் தாயைப் பழிக்கும் பேச்சை உள்வாங்கி விடை சொன்னால்தான் மதிப்பெண். கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசாதே என்று காலங்காலமாகப் பெண்ணுக்குச் சொல்லிவந்ததையே அந்தத் தாளும் சொன்னது.

பெண்ணை இப்படி வாய்மூட வைப்பது தமிழ் மண்ணின் மரபன்று. மதுரையில் பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்போடு நின்று அரசனின் தீர்ப்பையே பிழையென்று நிறுவியவள் கண்ணகி. அவளுக்குக் காப்பியம் படைத்தார் இளங்கோ. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரோ சமயவாதிகளை நாடிச் சென்று அவரவர் கொள்கையை விசாரிக்கும் மணிமேகலையைப் படைத்தார். எழுத்தையும் எண்ணையும் கண்ணாகக் கண்ட வள்ளுவர் அந்தக் கண்ணை ஆணுக்கு மட்டும் வைக்கவில்லை. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையின் சொல்லுக்கு வேந்தர் அவையில் இடமிருந்தது. 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதி, மறு ஆண்டே பெண்களுக்கான 'சக்கரவர்த்தினி' இதழின் ஆசிரியரானார்.

இதே மதுரை வட்டாரத்தின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை நாட்டையே உலுக்கியது. பெண் என்றால் பாரம் என்ற பேச்சு வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் புழங்கியதால்தான் அந்தக் கொடுமைக்குக் கை துணிந்தது. திண்ணைப் பேச்சுக்கே அத்தனை வலு என்றால், அரசு முத்திரையோடு வரும் வினாத்தாளுக்கு எவ்வளவு இருக்கும்?

பழைய நூல்களில் பழைய கருத்து இருக்கத்தான் செய்யும். அவற்றையெல்லாம் வெட்டினால் இலக்கியம் மிஞ்சாது என்பார்கள். உண்மைதான். கணவனைத் தொழும் மனைவியைப் போற்றும் குறளையும் வகுப்பில் படிக்கலாம். ஆசிரியர் விளக்குவார், மாணவி மறுத்துப் பேசுவாள். தேர்வுக்கூடத்தில் அந்த வாய்ப்பு இல்லை. இலக்கியத்தை வெட்டக் கூடாது என்ற பேச்சுக்கு நடுவே பெண்ணின் குரல்களை வெட்டுவது நடக்கத்தான் செய்கிறது. அதே 2021இல் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் எழுத்தாளர்களான பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். இலக்கியத்தின் சுதந்திரம் அவர்களுக்கும் உரியதல்லவா?

பெண்களின் நிலை உயர, பாடநூல்களை மாற்றியமைத்துப் புதிய மதிப்புகளை வளர்க்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே வலியுறுத்தியது. கேரளம் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா அடுக்களையில் தேங்காய் துருவும் படத்தை அச்சிட்டது. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பத்தியையும் ஒரு மாணவியின் இடத்தில் இருந்து படித்துப் பார்க்க வேண்டும். பாடநூல் குழுக்களில் பெண் எழுத்தாளர்களும் ஆசிரியைகளும் முடிவெடுக்கும் இடத்தில் அமர வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தவறு கண்டால் பள்ளியில் போய்க் கேட்க வேண்டும். படிக்க வந்த பெண்ணைத் தலைகுனிய வைக்கும் எதுவும் கல்வி ஆகாது.