ஒரு நிமிட மூச்சு

கைக்குழந்தைக்கு வரும் சளி பெரியவர்களின் சளியைப் போன்றதன்று. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கின் வழியாகவே மூச்சு விடுகிறது. நுரையீரலின் சிறுகுழாய்கள் மிகக் குறுகியவையாதலால் சிறிது வீக்கமும் சிறிது சளியுமே அவற்றை அடைத்து, வீசிங் எனப்படும் இழுப்பொலியை எழுப்பிவிடுகின்றன. இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ், அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது, இருமலோ இரண்டு மூன்று வாரம் நீடிக்கக்கூடும்.

ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஈரம் கசியும் காரைக்காலில், அரசலாற்றங்கரை வீடொன்றின் ஏழு மாதக் குழந்தைக்கு மருந்து எதுவும் எழுதப்படவில்லை. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடவும், தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவும், மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்க்கவும் மட்டுமே சொல்லப்பட்டது. அதைக் கேட்ட அம்மாச்சி தம் மகளிடம், "எண்ணுனா சளி போயிடுமாடி?" என்றார். அறியாமையென்று ஒதுக்க இயலாத கேள்வி அது.

ஏன் ஒரு நிமிடம்? குழந்தையின் மூச்சு சீரானதன்று. சில நொடி விரைந்து, சில நொடி தயங்கி, மீண்டும் விரையும். ஆகவே கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கையில், சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும்.

நாளொன்றுக்கு மனிதர் விடும் மூச்சு 21,600 என்பது சித்தர் மரபின் கணக்கு; நிமிடத்திற்குப் பதினைந்து. நிமிடத்திற்கு 50 முறை மூச்சு வாங்கும் குழந்தைக்கு அது 72,000 ஆகிவிடும். மூச்சை எண்ணுவது யோகியின் வேலையென்று கருதிய மரபில், அது தாயின் வேலையாகவும் ஆவது சிந்திக்கத்தக்கது.

டெல்டாவில் வளர்ந்தோரின் பிள்ளைப்பருவ நினைவில் சளி என்றால் ஓமவல்லிச் சாறு, கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய், தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணிப் புகை. அவை கைக்கு ஒரு வேலை தந்தன; அந்த ஆறுதல் பொய்யன்று. ஆனால் கற்பூரம் குழந்தைக்கு வலிப்பைக்கூட வரவழைக்கும். புகை இழுப்பை மிகுவிக்கும். கடைச் சிரப்பும் காப்பதில்லை: காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் இறந்த 2025-ஆம் ஆண்டில்தான், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குச் சளி, இருமல் மருந்தே வேண்டாமென்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

அவ்வாறாயின் எண்ணுவது குழந்தைக்கான மருத்துவமா, தாய்க்குக் கொடுத்த பிடிமானமா? சில இரவுகளில் அது அச்சத்தைத் தணிக்கிறது. சில இரவுகளில் அதுவே அச்சமாகிவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் இழுப்பு பின்னாளில் ஆஸ்துமாவாகுமா என்பதை இந்த வயதில் மருத்துவத்தாலும் உறுதியாகக் கூற முடிவதில்லை. அம்மாச்சியின் கேள்விக்கு முழு விடை இங்கும் கிட்டவில்லை. எண்ணுவதால் சளி போகாது என்பது மட்டும் உறுதி.

ஆயினும் இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் எண்ணிக்கை 50-ஐ எட்டினாலோ, இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60-ஐ எட்டினாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.