கழுவிய எஞ்சின்

கடந்த மாசியில் ஒரு ஞாயிறு காலை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து காரை எடுத்தபோது, அது நின்ற இடத்தில் உறைந்திருந்த பனியில் உள்ளங்கையளவு கறுப்புக் கறை தெரிந்தது. கார் 2008ஆம் ஆண்டினது. 260,000 கிலோமீற்றர் ஓடியது. அடுத்த சனிக்கிழமை அதை 2,500 டொலருக்கு எடுப்பதாக, ஊரிலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவர் சொல்லியிருந்தார்.

முதலில் வந்தது கோபம். முந்தைய கிழமைதான் ஒயில் மாற்றியிருந்தேன். மாற்றிய பையன் ஒயில் வடிக்கும் ஆணியைச் சரியாக இறுக்கவில்லை, அல்லது பழைய பில்டரின் இறப்பர் வளையத்தை எடுக்காமலே புதியதைப் பூட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். கடைசியாகத் தொட்டவன்தானே குற்றவாளி!

மறுநாள், சாட்சி தேடுவதுபோல, வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் அடியில் லைற் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, சொட்டுற இடம் வேற, கசியிற இடம் வேற. முதல்ல கழுவோணும்" என்றார். மேலே கசியும் ஒயில் கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தோம். ஆணியும் பில்டரும் காய்ந்தே இருந்தன. எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில், பின்பக்க சீலில் ஈரம். வருடக்கணக்காகச் சூட்டில் இறுகிய இறப்பர் குளிரில் விட்டுவிட்டது. திடீரென்று நடந்ததாக எனக்குத்தான் தோன்றியது. சீலின் விலை சொற்பம். ஆனால் அதை மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டும். கூலி காரின் விலைக்குக் கிட்ட வரும்.

பையன்மேல் நான் போட்ட வழக்கு தள்ளுபடியாயிற்று. என்மேலான வழக்கு அன்றிரவு தொடங்கியது.

கழுவிய எஞ்சின் சில நாட்களுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். நான் பொய் சொல்லத் தேவையில்லை. வாய் திறக்காமல் இருந்தாலே போதும். ஒன்ராறியோவில் 'உள்ளபடியே' என்று எழுதி விற்கவும் இடமுண்டு.

கி.மு. 44இல் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் இதே சிக்கல் வருகிறது. மரம் உக்கிய, குடியிருக்க ஆகாத வீட்டை ஒருவர் குறை சொல்லாமல் விற்கிறார். வாங்கும்படி அவர் யாரையும் வற்புறுத்தவில்லையே என்று வாதிடுகிறார் பாபிலோனிய டயோஜெனிஸ். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம் என்கிறார் அன்ரிபாட்டர். எல்லா மௌனமும் மறைப்பல்ல என்று சிசரோ ஒப்புக்கொள்கிறார். தன் இலாபத்துக்காக, அறியவேண்டியவர் அறியக்கூடாது என்று விரும்புவதே மறைப்பு என்பது அவர் தீர்ப்பு.

அந்தத் தம்பி வந்து ஐந்து மாதம். பொனற்றைத் திறந்தால் எதைப் பார்ப்பதென்று அவருக்குத் தெரியாது. ஊர்க்காரர் என்று நம்பித்தான் என்னிடம் வந்தார். கசிவைக் காண்பதற்காகக் கழுவிய எஞ்சினையே, கசிவை மறைக்கவும் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் இன்னொரு கழுவல்.

புதன் இரவு அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வேண்டாம் அங்கிள்" என்றார்.

கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது, அடியில் ஒரு காட்போட் மட்டையோடு. ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றுகிறேன்.