பழிக்கு ஒரு முகம் வேண்டும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு முதல் மாயக்கதை, காவல் தெய்வமான மதுரை வீரனுடையது. லயத்துக்கும் கித்தாக் காட்டுக்கும் நடுவே முறுக்கிய மீசையும் அரிவாளுமாக நிற்பார். மதுரையில் திருடர்களை அடக்கியவர், வெள்ளையம்மாளை விரும்பியவர், சந்தேகத்தின் பேரில் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். செத்தவரின் கோபம் ஊரைச் சும்மா விடவில்லை, தண்டித்த அரசனே கோயில் எழுப்பிக் கும்பிட வேண்டியதாயிற்று என்று பெரியவர்கள் கதையை முடிப்பார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது அந்த முடிவில்தான். அரசனின் தலை போகவில்லை, குனிந்தது. பழிவாங்கும் கதை எதைப் படித்தாலும் அந்தக் குனிந்த தலையைத்தான் இன்றும் தேடுகிறேன்.

சிரம்பானில் படிவம் ஐந்து படிக்கும் என் அக்கா மகள் அண்மையில் ஓர் ஆங்கில நாவலைக் கையில் திணித்தாள். நைஜீரிய வம்சாவளி அமெரிக்கரான டோமி அடெயெமி எழுதி 2018-ல் வெளிவந்த ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’. மந்திர சக்தி கொண்டவர்களைக் கூண்டோடு கொல்ல அரசன் சரான் ஆணையிடுகிறான். அதில் தாயைப் பறிகொடுத்த செலி என்ற பெண் வளர்ந்து கோலெடுத்துப் புறப்படுகிறாள். அமெரிக்கக் காவல் துறையின் துப்பாக்கிக்குப் பலியான கறுப்பின மக்களை நினைத்தே எழுதியதாக ஆசிரியர் நூலின் பின்குறிப்பில் சொல்கிறார். பதின்ம வயதினருக்கான மாயக்கதைக்குள் அப்படி ஒரு நிஜமான இழவு இருக்கிறது.

“அந்த ராஜாவுக்கு வேணும்தானே மாமா?” என்றாள். வேணும்தான் என்றேன், மனதாரத்தான். ஆனால் அவனைக் குத்தும் வாள் செலியின் கையில் இல்லை என்பதைக் கவனித்தாயா என்று கேட்டேன். அவன் பெற்ற மகள் அமாரியே அதை ஏந்துகிறாள். அரசன் செத்தும் அடுத்த பாகத்தில் நாடு இன்னும் மோசமாகப் பற்றி எரிகிறது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். ஒருநாள் ஸ்டோரில் பால் நிறுத்த கணக்கர், அதாவது கிராணி, அடர்த்தி பார்க்கும் மிதவையை வாளியில் விட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி ஊத்திக் கொண்டாந்திருக்க” என்றார். விடிகாலைத் தூறல் மங்குகளில் விழுந்திருந்தது. பாலில் எவ்வளவு ரப்பர் தேறும் என்பதை வைத்துத்தான் கூலி. காசு குறைந்தது ஒரு பக்கம் இருக்க, வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரில் அப்பா திருடரானார். அவர் வாயே திறக்கவில்லை. வாளிகளைக் கழுவி, காண்டாக் கம்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று இரவு நான் மனதுக்குள் ஸ்டோருக்குத் தீ வைத்தேன். கிராணி உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார், சாவி என்னிடம் இருக்கிறது. தூக்கம் வரும்வரை அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அப்பா சாயங்காலமே தொழிற்சங்கச் செயலாளரின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார். மறுநாள் செயலாளர் தன் பாலை நிறுத்து முடித்தும் கிளம்பாமல் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார். வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. மிதவை காட்டிய அளவை ஒவ்வொரு வாளிக்கும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ‘தண்ணி’ என்ற பேச்சு அதன்பின் கிராணியின் வாயில் வரவில்லை.

பிறகு வெகுகாலம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கிராணிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வாய்த்தது. சாப்பிட்டு முடித்ததும் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “ரப்பர் கணக்கு குறைஞ்சா தொர என்னையத்தான கேப்பாரு தம்பி” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. கிராணிக்கு மேலே துரை, துரைக்கு மேலே கம்பெனி, கம்பெனிக்கு மேலே தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத லண்டன் பங்குதாரர்கள். சொன்ன வாய் கிராணியுடையது, அதற்கு அவர்தான் பொறுப்பு. ஆனாலும் அவரை எரித்திருந்தால் மறுவாரமே வேறொரு கிராணி அதே மிதவையோடு வந்திருப்பார்.

மாயக்கதைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே அநியாயத்துக்கு ஒரு கிரீடம் உண்டு, ஒரு முகம் உண்டு, வாள் நுழைய ஒரு நெஞ்சு உண்டு. தோட்டத்தில் அநியாயம் செக்ரோல் என்ற பதிவேட்டிலும் விற்பனைப் பத்திரத்திலும் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அசீஸ் தனியாக ஆராய்ந்து நூலாக்க வேண்டிய அளவுக்கு அது பெருகியிருந்தது. பிறந்து வளர்ந்த லயத்தைவிட்டுச் சட்டிபானையோடு வெளியேறியவன் யார் மேல் பழி தீர்ப்பது?

முகம் தெரியாத எதிரியிடம் நம் ஆட்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஒரு கோரிக்கைப் பட்டியல் போட்டார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு என்று போகும் அந்தப் பட்டியலில், துரைமார் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமையும் இருந்தது. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போருக்குப் பிறகு பி.பி. நாராயணன் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் கட்டினார். 1954-ல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அப்பாவுக்காகத் தராசுப் பக்கம் நின்ற ஆளுக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றிருந்தார்கள். துண்டாடலுக்கு எதிராக 1960-ல் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள்.

இந்த வழிகள் அடைபட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் அடுக்குமாடிகளில் வளர்ந்தார்கள். 2013-ல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்றது. “என்னடா மொறைக்கிற” என்பதில் தொடங்குகிற சண்டை ஆளை வெட்டுவதில் போய் முடிகிறது. வெட்டுப்பட்டவனின் அப்பாவும் வெட்டியவனின் அப்பாவும் ஒரே பெரட்டு வரிசையில் நின்றவர்களாக இருக்கலாம். தாத்தா காலத்து அவமானத்துக்கு முகம் கிடைக்காத பையன் எதிரே வந்த முகத்தை எடுத்துக்கொள்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா மகள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. “கண்ணகி கேஸ் ஜெயிச்சாளே மாமா. பாண்டியனே தப்புன்னு ஒத்துக்கிட்டு செத்துட்டான். அப்புறம் எதுக்கு மதுரையை எரிச்சா?” என்றாள். சரியான இடத்தில்தான் பிடித்தாள். ஒப்புதல் எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று நான் சொல்ல முடியாது. கோவலன் திரும்பி வரமாட்டான். மதுரை வீரன் விஷயத்திலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. எங்கள் தோட்டத்தில் அவர் முன்னால் குனிந்ததெல்லாம் எங்கள் தலைகள். துரை குனிந்து நான் பார்த்ததில்லை. அநியாயமாகச் செத்தவர் கடைசியில் கம்பெனியின் ரப்பருக்கு ராக்காவல் காத்தார். பாதிக்கப்பட்டவனைச் சாமியாக்கிவிட்டு அவன் கேட்ட கணக்கைக் கொடுக்காமலே இருந்துவிடவும் முடியும்.

ஆகவே அவளிடம் மன்னித்துவிடு, மறந்துவிடு என்று உபதேசம் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்ற குடும்பத்தில் ஒரு பெண் அநியாயத்தைப் படித்துக் கொதிக்கிறாள் என்றால், அந்தக் கொதிப்பு எனக்கு நல்ல சகுனம். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: கோபப்படு, ஆனால் விலாசம் சரிதானா என்று பார்த்துவிட்டுக் கோபப்படு. உன் கோபத்துக்கு முதல் ஆளாக மாட்டிக்கொள்கிறவன் உன்னைப் போலவே பத்து வெள்ளிக்கு அல்லாடுகிறவனாக இருந்தால், நீ தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறாய்.