ஏடும் நாவும்

மொழியைக் காப்பது என்றால் என்ன? நலியும் நிலையிலுள்ள ஒரு மொழியின் சொற்களைத் திரட்டி அகராதி ஆக்கி, இலக்கணம் வகுத்து, முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைத்துவிட்டால் அம்மொழிக்கு ஆற்ற வேண்டிய கடன் தீர்ந்துவிடுமா? இவ்வினாவைப் பெருமொழிகளைக் கொண்டு ஆராய்வதினும், பலரும் பெயரளவிலேனும் கேட்டிராத சிறுமொழிகளைக் கொண்டு ஆராய்வதே தெளிவு தரும். ஆகவே, மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் வழங்கும் மிஹே, சோக்கே என்னும் மொழியினத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

ஓஹாக்கா, சியாப்பாஸ், வேராகுரூஸ், தபாஸ்கோ ஆகிய மாநிலங்களின் மலைகளிலும் தாழ்நிலங்களிலும் இவ்வினத்து மொழிகள் வழங்குகின்றன. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மிஹே பேசுவோர் 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர். சோக்கே பேசுவோர் 70,000 பேருக்கு மேற்பட்டோர். ஓலுத்தா, தெஹிஸ்தெப்பெக், அயாப்பா போன்ற ஊர்களின் மொழிகளோ ஒருசில முதியோர் நாவளவில் நின்றுவிட்டன.

எண்ணிக்கை சிறிதாயினும் தொன்மை பெரிது. மெக்சிகோவின் பழம்பெரும் நாகரிகத்தாராகிய ஓல்மெக் மக்கள் இவ்வினத்து மொழியையே பேசியிருத்தல் கூடும் என்று லைல் கேம்பெல், டெரன்ஸ் காஃப்மன் என்னும் அறிஞர் இருவரும் 1976இல் எழுதினர். நம் குழந்தைகள் விரும்பியுண்ணும் இனிப்புக்கு மூலமான ‘கக்காவோ’ என்னும் சொல்லும் இம்மொழியினத்துக்கே உரியது என்பது அவர்தம் முடிபு. மறுப்பாரும் உளர். 1986இல் வேராகுரூஸில் ஆற்றினின்று கிடைத்த லா மொஹார்ரா கல்வெட்டு கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. மலைவாழ் மக்களின் இன்றைய பேச்சைத் துணைக்கொண்டு அக்கல்வெட்டைப் படித்துவிட்டதாக ஜான் ஜஸ்டசனும் காஃப்மனும் 1993இல் அறிவித்தனர். அவ்வாசிப்பும் இன்றளவும் வழக்கிலேயே உள்ளது. எனினும், எழுதப் படிக்க அறியாத ஒரு மூதாட்டியின் பேச்சு, பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கல்லைத் திறக்கும் திறவுகோல் ஆகலாம் என்று அறிவுலகம் கருதியதே, அது எண்ணி வியத்தற்குரியது.

இலக்கணம் வகுப்பதன் பயனும் சிறிதன்று. தமிழில் உயிரொலி குறில், நெடில் என இருவகைப்படும். அளபெடை உண்டெனினும் அது பெரும்பாலும் செய்யுளோசை நிறைக்கவும் விளிக்கவும் வருவது. மிஹே மொழியின் சில வழக்குகளிலோ குறில், நெடில், நெடிலினும் நீண்டது என மூன்று அளவுகள் உள. அளவு மாறினால் பொருளே மாறும். மனித நாவால் இதுவும் இயலும் என்பதை, அம்மலையூர்களில் தங்கிச் செவிகொடுத்துக் கேட்டோர் குறித்து வையாவிடின் உலகம் அறிந்திராது.

ஆயின் நாம் தொடங்கிய வினா இன்னும் விடை பெறவில்லை. நடுவணரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்குப் ‘பதிவு’ என்னும் சொல் சிறிது அச்சம் தருவது. நடவடிக்கை அனைத்தும் முடிந்த பின்னரே ஒரு கோப்பைப் பதிவு செய்வோம். பதிவு செய்தல் என்றால் முடித்து வைத்தல். சிறப்புடைய கோப்பாயின் நுண்படம் எடுத்து என்றென்றைக்கும் காப்பர். எனினும் அது நடப்புக் கோப்பு ஆகாது. மொழிக்கும் இந்நிலை நேரலாமன்றோ?

அயாப்பா ஊரின் கதையைப் பாருங்கள். அம்மொழி அறிந்தோர் உலகில் இருவரே, அவ்விருவரும் பகைகொண்டு ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்னும் செய்தி 2011 அளவில் உலக நாளேடுகளில் பரவிற்று. படித்தோர் நகைத்தனர், சிலர் இரங்கினர். அவ்வூரில் பழகி ஆய்ந்த மொழியியலாரோ அதை மறுத்தனர். மொழி அறிந்தோர் வேறு சிலரும் இருந்தனர். பகை என்பதும் கட்டுக்கதையே. பல்லாண்டுகளாக இசுப்பானிய மொழி ஒன்றையே புகட்டிய பள்ளிகளும், 1970களில் தபாஸ்கோவில் பெருகிய எண்ணெய்த் தொழிலும், பிழைப்புத் தேடி ஊர்விட்டுச் சென்றதுமே அம்மொழியை நலிவித்தன. அப்பழியை இரு முதியோரின் பிணக்கின்மேல் ஏற்றிவிட்டால், ஏனையோர் கடன் எளிதில் கழிந்துவிடுகிறது!

யாஸ்னாயா அகிலார் என்னும் மிஹே மொழியியலறிஞர் 2019இல் மெக்சிகோ மக்களவையில் தம் தாய்மொழியிலேயே உரையாற்றினார். மொழிகள் தாமே இறப்பதில்லை, அவை கொல்லப்படுகின்றன என்பது அவர்தம் வாதம். ஆய்வுக்குப் பொருளாயிருந்த சமுதாயத்தினின்றே ஆய்வாளர் தோன்றி அவையேறிப் பேசிய அன்று, அம்மொழி நடப்புக் கோப்பாகவே நின்றது.

இடம்பெயர்ந்து வாழும் நமக்குச் சோக்கே மக்களின் வரலாறு இன்னும் நெருக்கமானது. 1982 மார்ச்சு, ஏப்ரல் திங்கள்களில் சியாப்பாஸில் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். சோக்கே ஊர்கள் சில சாம்பலில் புதைந்தன. எஞ்சியோரில் பல்லாயிரவர் தொலைவிடங்களில் குடியேற நேர்ந்தது. எரிமலைக்கு உரியவளான மூதாட்டி ஒருத்தி, வெடிப்பதற்கு முன்னர் ஊர்தோறும் சென்று தன் விழாவுக்கு மக்களை அழைத்தாள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அக்கதையை நூலில் ஏற்றலாம், ஏற்றியும் உள்ளனர். ஆனால் புதிய ஊரில் பிறந்த பேரனுக்குப் பாட்டி அதைச் சோக்கே மொழியில் சொல்லும்போதுதான் பழைய ஊர் மீள்கிறது.

இதை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்னும் ஐயமும் எழாமலில்லை. பொருநைக் கரையில் பிறந்த நம் அன்னையார் இறுதிக் காலத்தில் நம்மோடு தலைநகரில் இருந்தார். அவர் சொன்ன கதைகளைக் கைப்பேசியில் கருத்தோடு பதிந்து வைத்தோம். அவர் மறைந்த பின்னர் ஒருநாள் அப்பதிவைக் கேட்ட நம் மகள், “விதைக்கோட்டை என்றால் என்னப்பா?” என்று இந்தியில் கேட்டாள். நாமும் இந்தியிலேயே விளக்கினோம். விளக்கி முடித்த பின்னரே நெஞ்சம் சுட்டது. அன்னையார் நம் வீட்டில் இருந்த ஈராண்டும் பேத்தியை அவர் அருகில் அமர்த்தி இரண்டு சொல் பேச வைக்கவில்லை. பதிவு செய்ததோடு நின்றுவிட்டோம்.

தமிழ் அழியும் மொழியன்று. மிஹே சிறார் பள்ளியில் பட்ட அடியும் இழிவும் நம் மக்கள் பட்டதில்லை. ஆகவே நம் தவற்றுக்கு நாம் யாரையும் பழிக்கவும் இயலாது.

அவ்வாறாயின் அகராதியும் ஒலிப்பதிவும் வீணோ? வீணல்ல. ஓலுத்தாவில் பிறக்கும் ஒரு குழந்தை வளர்ந்து தன் மூதாதையர் மொழியை நாடினால், அதற்கு வேறு வழியில்லை. நம் உழவர் விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து கோட்டை கட்டி வைப்பர். பஞ்சத்திலும் அதை உண்ணார். ஆனால் பருவம் வந்தும் விதையாது வைத்திருப்பாரும் இல்லை. மொழிக்கு ஏடு விதைக்கோட்டை, நாவே வயல். கோட்டை கட்டுவது அறிஞர் கடன். விதைப்பதோ வீடுதோறும் உள்ள பெற்றோர் கடன். அதை நமக்காகப் பிறர் ஆற்ற இயலாது.

இன்று நம் மகள் மாலைதோறும் அப்பதிவில் ஒரு கதை கேட்கிறாள். கேட்ட கதையை நமக்குத் தமிழில் திருப்பிச் சொல்கிறாள். சொற்கள் இடறுகின்றன, இடறட்டும்.